ஒரே இரவில் எழுதப்பட்டதா 'சாத்தானின் பைபிள்'?

"சாத்தானின் உதவியோடு ஒரு துறவி ஒரே இரவில் எழுதிய பைபிள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. தவறு.

அது 'கோடெக்ஸ் கிகாஸ்'. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொஹீமியாவில் (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி) உருவான லத்தீன் கையெழுத்துப் பிரதி. அங்கிருந்த பெனடிக்ட் சபை மடம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. 310 தோல் ஏடுகள், சுமார் 75 கிலோ எடை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே கையெழுத்து. இருபது ஆண்டுகளுக்குமேல் பிடித்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பைச் சாத்தானுக்குத் தாரைவார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கொம்பும் கூர்நகமுமாக அரை மீட்டர் உயரத்தில் சாத்தான் ஓவியம் இருப்பது உண்மைதான். ஆனால் நேரெதிர்ப் பக்கத்தில், அடுக்கடுக்கான கோபுரங்களோடு விண்ணக நகரம் இருக்கிறது. பரவும் படத்தில் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார்கள்!

1648இல் சுவீடன் படை பிராகாவிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற இந்நூல், இன்று ஸ்டாக்ஹோம் தேசிய நூலகத்தில் இருக்கிறது.