மெட்டாலிகாவுக்கு எத்தனையாவது இடம்?

(மாமாவின் பிளாக் சபாத் டி-ஷர்ட் ஒரு காலத்தில் கருப்பு, இப்போது சாம்பல். நித்யாவின் மெட்டாலிகா டி-ஷர்ட் இன்னும் கருப்பாகவே இருக்கிறது. இரண்டும் ஹெவி மெட்டல் என்கிற கனத்த ராக் இசையின் பேண்டுகள். சண்டைக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.)

நித்யா: மாமா, ஒரே கேள்வி. ஹெவி மெட்டலில் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய பேண்ட் எது? 'மெட்டாலிகா' என்று சொல்ல உங்களுக்கு ஒரு நொடி தருகிறேன்.

மாமா: ஒரு நொடி போதாதும்மா. நேபாம் டெத்துக்கே ஒரு பாட்டை முடிக்க 1.3 நொடி பிடித்தது. உலகத்திலேயே சின்னப் பாட்டு என்று கின்னஸில் ஏறிவிட்டது.

நித்யா: பேச்சை மாற்றாதீர்கள்.

மாமா: மாற்றவில்லை. நேபாம் டெத் எந்த ஊர்? பர்மிங்காம் பக்கம். ஜூடாஸ் ப்ரீஸ்ட்? பர்மிங்காம் பக்கம். பிளாக் சபாத்? பர்மிங்காமேதான். அப்புறம் என்ன கேள்வி?

நித்யா: ஊரைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறீர்களா? கணக்குக்கு வாருங்கள். 1991-இல் மெட்டாலிகா போட்ட கருப்பு அட்டை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

மாமா: விற்பனையைக் கேட்டேனா? தாக்கத்தைக் கேட்டேன்.

நித்யா: கேட்டதே நான்தான்.

மாமா: யார் கேட்டால் என்ன? நிறைய விற்றவன் கடைக்காரன். தாக்கம் வேறு. சபாத்தின் இரண்டாவது ஆல்பத்தைப் பார், 1970-இல் பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் முதலிடம்!

நித்யா: இது விற்பனைக் கணக்கு இல்லையா?

மாமா: இது... வரலாறு.

(அடுத்தவர் பேண்ட் விற்றால் அது வியாபாரம், நம் பேண்ட் விற்றால் அது வரலாறு. எல்லா ரசிகர்களும் இப்படித்தான். எழுதுகிறவனும் விதிவிலக்கில்லை.)

நித்யா: சரி, விற்பனை வேண்டாம். பரப்பு? ஏழு கண்டத்திலும் வாசித்தவர்கள் மெட்டாலிகா. 2013-இல் அண்டார்டிகாவிலேயே கச்சேரி செய்தார்கள்.

மாமா: அங்கே ஸ்பீக்கர் வைக்காமல், கேட்கிறவர்கள் காதில் ஹெட்போன் மாட்டியல்லவா வாசித்தார்கள்? பக்கத்தில் நின்ற பெங்குவினுக்குக்கூடக் கேட்டிருக்காது. அதில் என்ன தாக்கம்?

நித்யா: வேகம் மாமா, வேகம்! 1983-இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்த பிறகுதான் த்ராஷ் என்று அதிவேக மெட்டல் வகையே ஒன்று நிலைத்தது. அவர்கள் வெளியே அனுப்பிய கிதார்காரர் டேவ் மஸ்டெய்ன் போய் மெகாடெத் ஆரம்பித்தார். துரத்திவிட்ட ஆளால்கூட இன்னொரு பெரிய பேண்ட் பிறக்கிறது. வேறு யாருக்கு இப்படி நடந்தது?

மாமா: மோட்டர்ஹெட்டுக்கு. ஹாக்விண்ட் என்ற பேண்ட் 1975-இல் லெம்மியைத் துரத்தியது. அவர் மோட்டர்ஹெட்டை ஆரம்பித்தார். உன் மெட்டாலிகாவின் வேகத்தில் பாதி அவரிடமிருந்து வந்ததுதான்.

நித்யா: அப்போது முதலிடம் மோட்டர்ஹெட்டுக்கா?

மாமா: எப்படி? 'நாங்கள் ராக் அண்ட் ரோல் வாசிக்கிறோம்' என்றுதான் அவரே மேடைக்கு மேடை சொன்னார். வேண்டாம் என்கிறவர் கழுத்தில் மாலையைப் போட்டு என்ன பயன்?

நித்யா: லெட் செப்பலின்?

மாமா: ராக். அடுத்தது.

நித்யா: டீப் பர்ப்பிள்?

மாமா: ராக்குக்குக் கொஞ்சம் மேலே. அடுத்தது.

நித்யா: வெனம்? வாசிப்பு சுமார்தான், நானே சொல்கிறேன். ஆனால் 1982-இல் ஒரு ஆல்பத்துக்கு 'பிளாக் மெட்டல்' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த ஒரு கூட்டமே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

மாமா: பெயர் வைத்ததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

நித்யா: அப்படியானால் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டுக்கு என்ன பதில்? சபாத்தின் இசையில் ப்ளூஸ் வாடை அடித்துக்கொண்டே இருக்கும். அதைத் துடைத்தெடுத்தது ப்ரீஸ்ட்தான். இரண்டு கிதாரும் சேர்ந்து ஒரே மெட்டைச் சுரம் மாற்றி வாசிப்பது, ராப் ஹால்ஃபோர்டின் அந்தக் குரல், தோல் ஜாக்கெட், ஆணி பதித்த பட்டை, மேடைக்கே மோட்டார் சைக்கிளில் வருவது... மெட்டல்காரன் என்றால் கண்ணுக்குள் வருகிற உருவமே அவர்கள் தைத்துக் கொடுத்ததுதான். அயர்ன் மெய்டன் அந்த இரட்டைக் கிதாரை வாங்கி, அடியில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிதார் குதிரைப் பாய்ச்சலில் ஓட, எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள்.

மாமா: (சற்று யோசித்து) இதில் நியாயம் இருக்கிறது.

நித்யா: ஒத்துக்கொள்கிறீர்களா?

மாமா: நியாயம் இருக்கிறது என்றேன். ஒத்துக்கொள்கிறேன் என்றேனா?

நித்யா: (ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி) மெட்டல் வாழ்க!

மாமா: அந்த முத்திரையைப் பரப்பியவர் யார்? பாடகர் ரான்னி ஜேம்ஸ் டியோ. இத்தாலியப் பாட்டியிடம் கற்றுக்கொண்டது. கண் பட்டுவிடாமல் இருக்கப் பாட்டி காட்டுவாராம். நீங்கள் எல்லாரும் பயங்கரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் திருஷ்டி கழித்துக்கொண்டிருக்கிறீர்கள். டியோ அப்போது எந்த பேண்டில் இருந்தார் தெரியுமா?

நித்யா: சொல்ல வேண்டாம்.

மாமா: சபாத்.

நித்யா: சொல்ல வேண்டாம் என்றேன்! சரி, விருதுக்கு வாருங்கள். 1989-இல் கிராமியில் முதல்முறையாக ஹார்ட் ராக், மெட்டலுக்கு என்று ஒரு விருது வைத்தார்கள். மெட்டாலிகா அதே மேடையில் வாசித்துவிட்டுக் காத்திருக்கிறது. விருதை யாருக்குக் கொடுத்தார்கள்? ஜெத்ரோ டல்லுக்கு! புல்லாங்குழல் பேண்டுக்கு!

மாமா: ஆமாம், அநியாயம்தான்.

நித்யா: அப்பாடா, ஒரு விஷயத்திலாவது நாம் ஒன்று. 1992-இல் மெட்டாலிகா கிராமி வாங்கியபோது, 'இந்த வருடம் ஆல்பம் போடாததற்கு நன்றி' என்று மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் ஜெத்ரோ டல்லுக்கு நன்றி சொன்னார்.

மாமா: ஆனால் 1968 கடைசியில் கொஞ்ச நாள் அந்த ஜெத்ரோ டல்லில் கிதார் வாசித்தது யார்?

நித்யா: மாமா, வேண்டாம்.

மாமா: டோனி ஐயோமி! பிளாக் சபாத்தின் டோனி ஐயோமி! உன்னைத் தோற்கடித்த புல்லாங்குழலுக்குப் பின்னாலும் எங்கள் ஆள்தான்.

நித்யா: எந்தக் கதவைத் திறந்தாலும் ஐயோமி நிற்கிறார். அப்படி என்ன செய்துவிட்டார்?

மாமா: கேள். 17 வயது. தகட்டுத் தொழிற்சாலையில் வேலை, அன்றைக்குக் கடைசி நாள். தகட்டை அழுத்துகிற மெஷின் வலது கையில் இரண்டு விரல் நுனியை எடுத்துவிட்டது. அவர் இடதுகைக்காரர். தந்தியை அழுத்துவதே அந்த வலது கைதான். இனிமேல் கிதாரே கிடையாது என்று எல்லாரும் சொல்லியாயிற்று. மனுஷன் பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். தடித்த தந்தி வலிக்கும், அதனால் மெல்லிய தந்தி. அப்புறம் தந்தியைத் தளர்த்தினார். 1971 ஆல்பத்தில் வழக்கமான சுருதியிலிருந்து ஒன்றரைப் படி கீழே. வந்தது பார் ஒரு கனம்! இன்றைக்குச் சுருதியை இறக்கி வாசிக்கிற ஒவ்வொரு பேண்டும் அந்த விரலுக்குக் கடன்பட்டிருக்கிறது.

நித்யா: (அமைதியாக) மாமா, அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால்?

மாமா: இந்தச் சத்தமே வந்திருக்காது.

நித்யா: அப்போது அதிகத் தாக்கம் ஏற்படுத்தியது சபாத் இல்லை. அந்த மெஷின்.

மாமா: ...

நித்யா: அது அவருடைய வழக்கமான மெஷினா?

மாமா: இல்லை. அதை ஓட்டுகிறவர் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

நித்யா: அப்போது லீவு போட்டவருக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். வேறு யாராவது இருக்கிறார்களா?

மாமா: (தயங்கி) மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், 'கடைசி நாள்தானே, இனிமேல் போகவில்லை' என்றாராம். 'ஒழுங்காகப் போய் வேலையை முடித்துவிட்டு வா' என்று அம்மா அனுப்பிவைத்தார்.

நித்யா: முடிந்தது! முதலிடம் ஐயோமியின் அம்மாவுக்கு.

மாமா: இதை மறுக்க முடியாது. சரி, இரண்டாம் இடம்?

நித்யா: மெட்டாலிகா.

மாமா: லீவு போட்டவர்.

நித்யா: மூன்றாவது?

மாமா: மெஷின்.

நித்யா: நான்காவதாவது?

மாமா: பாட்டில்.

நித்யா: அநியாயம் மாமா! மெட்டாலிகாவுக்கு எப்போதுதான் வாய்ப்பு?

மாமா: அவசரப்படாதே. பாட்டிலை உருக்கிய நெருப்புக்கு அப்புறம் பார்க்கலாம்.