கரடிக்கு ஒரு புற்றாவது கட்டிக் கொடுங்கள்

போன லீவில் தங்கச்சியின் மகளைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறி ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கரடி இருக்கும் இடத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கம்பி வேலி இல்லை. முன்னால் அகழி, பின்னால் சீமெந்துப் பாறை, நடுவில் இரண்டு மரம், பச்சைப் புல். சனம் முண்டியடித்து செல்ஃபி எடுத்தது. கரடி பாறையோரமாக நடந்துகொண்டிருந்தது. 11 எட்டு, தலையை ஒரு வெட்டு, திரும்பவும் 11 எட்டு. அது நடக்கிற தடத்தில் மட்டும் புல் செத்து மண் தெரிந்தது.

“மாமா, அது எதையோ துலைச்சிட்டுத் தேடுதா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன், இரண்டு மரத்தின் அடியிலும் மின்கம்பி சுற்றியிருந்தது. கரடி ஏறினால் மரம் பட்டுப்போகுமாம். சரி, அப்படியென்றால் அந்த மரம் யாருக்கு? நமக்குத்தானே!

வாகரை, புணானைக் காட்டுப் பக்கம் போய்வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கரடி என்ன செய்யும் என்று. நீள நகத்தால் புற்றைக் கிழிக்கும், மண்ணை ஊதித் தள்ளும், மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு கறையானை உறிஞ்சும். மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு இல்லாத இடைவெளி அதற்குத்தான். அந்தச் சத்தம் தூரத்துக்கே கேட்கும். இப்படி இரை தேடியே பொழுதைக் கழிக்கிற பிராணிக்குத் தட்டில் சாப்பாடு வைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க அது என்ன செய்யும்? நடக்கும்.

கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டுகிற யோசனையை 1907இல் ஜெர்மனியின் ஹம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி தன் மிருகக்காட்சிசாலையில் பெரிதாகச் செய்துகாட்டினார். நல்ல யோசனைதான், ஆனால் அது பார்க்கிறவர் கண்ணை நினைத்துச் செய்தது. 1970களில் ஹால் மார்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மிருகக்காட்சிசாலையில் வேறு மாதிரிப் போனார். கிப்பன் குரங்கு ஒரு நெம்புகோலை அழுத்திவிட்டுத் தாவிப்போய் மறுபக்கத்தில் இன்னொன்றை அழுத்தினால் உணவு விழும். இயற்கையாக இல்லை என்று குறை சொன்னார்கள். எனக்கு அந்தக் குறை பெரிதாகப் படவில்லை. அந்தக் குரங்கு தாவியதே, தாவுவதற்கென்றே அமைந்த கைகளால்!

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்பதுதான் என் ஆதங்கம். எப்படியும் சீமெந்துப் பாறை கட்டுகிறார்கள். அதையே புற்று மாதிரிக் கட்டி, உள்ளே நாலு குழாய் விட்டு, பின்பக்கத்தால் தேனும் புழுவும் வைக்க வழி செய்தால் என்ன? ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஓட்டையில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு கிழமையில் அதற்கும் பழகிவிடும். அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரம் வேண்டும். பாறைக்குப் பெயின்ட் அடிக்கிற காசில் ஒரு பங்கை அதற்குக் கொடுங்கள். அதுவரைக்கும் டயரோ பீப்பாவோ கிடந்தால் கிடக்கட்டும்.

நாலு மணிபோல ஒரு பராமரிப்பாளர் உளுத்த மரக்கட்டை ஒன்றை உள்ளே தள்ளிவிட்டார். “இவ்வளவு வடிவா கட்டிப்போட்டுக் குப்பையைப் போடுறாங்களே” என்றார் பக்கத்தில் நின்றவர். கரடி நடையை நிறுத்தியது. கட்டையைப் புரட்டியது, மோந்தது, நகத்தை விட்டுக் கிழிக்கத் தொடங்கியது. மருமகள் அகழிச் சுவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகி நாங்கள் கிளம்பும்வரை அது நிமிரவேயில்லை.