பந்தைப் பிடுங்குபவன் போனால்
ஒரு கால்பந்து அணி கோல் அடிப்பவரைத் தக்கவைத்தால் போதும், மற்ற ஆட்டக்காரர்களை நல்ல விலைக்கு விற்கலாம் என்று ஒரு கட்டுரையில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2016-இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கோப்பையை வென்ற லெஸ்டர் சிட்டி அணி, கோல் அடிக்கும் வார்டி, மஹ்ரெஸ் இருவரையும் வைத்துக்கொண்டு, நடுவில் பந்தைப் பிடுங்கும் காண்டேயைச் செல்சீ அணிக்கு விட்டது. அடுத்த சீசனில் லெஸ்டர் 12-ஆம் இடம், செல்சீ சாம்பியன்! எங்கள் தேவனாம்பட்டினம் பையன்கள் அணியிலும் இதைக் கண்ணால் பார்த்தேன். கோப்பை வாங்கிய கையோடு, நடுவில் ஆடியவனைப் புதுச்சேரி அணி ஒன்று கூப்பிட்டுக்கொண்டது. கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு மணலில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்குவான். ஒரு கோல்கூட அடித்ததில்லை. மறு வருடமும் முன்னால் ஆடியது அதே ஆட்கள்தான், ஆனால் பந்து அவர்கள் காலுக்கு வரவே இல்லை. முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். அப்புறம் அந்த இடத்தில் மூன்று பேரை மாற்றி மாற்றி இறக்கினோம், யாரும் சரிப்பட்டு வரவில்லை.