நூறு பேர் சேர்ந்தால் ஒரு கொரில்லாவை மடக்க முடியுமா?

ஆயுதமில்லாத நூறு ஆண்களும் ஒரு கொரில்லாவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? 2025 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சுற்றிய கேள்வி. இன்னும் வாதம் ஓயவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நூறு பேரால் முடியும். ஆனால் அடித்து வீழ்த்த முடியாது, அமுக்கித்தான் வீழ்த்த முடியும். அதற்குள் முதலில் கையில் மாட்டுகிற சிலர் உருக்குலைந்து போவார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் மற்றவர்கள் முன்னே வர வேண்டும். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பலத்தைப் பற்றி நிறைய மிகைப்படுத்துகிறார்கள். சிம்பன்சித் தசையை ஆய்வகத்தில் அளந்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அதே அளவு மனிதத் தசையைவிட அது சுமார் 1.35 மடங்குதான் திறன் காட்டியது. கொரில்லாவும் மந்திரத்தால் செய்த உடம்பு கிடையாது. ஆனால் முதுகு வெளுத்த ஆண், அதாவது சில்வர்பேக், 140 முதல் 200 கிலோ வரை இருக்கும். அந்த எடையில் கணிசமான பங்கு தோளிலும் மார்பிலும் கைகளிலும் தசையாகத் திரண்டிருக்கிறது.

குத்தலாம் என்பவர்கள் அதன் மண்டையோட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். உச்சியில் எலும்பு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். தாடையை இயக்கும் தசை அந்த வரப்பிலிருந்தே தொடங்கிப் பக்கவாட்டை மூடிக்கொண்டு இறங்குகிறது. நெற்றிப்பொட்டு என்று நினைத்து நீங்கள் விடும் குத்து அந்தக் கனத்த சதையில் போய் விழும். உடைவது உங்கள் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்புதான். கழுத்தை நெரிப்பதும் நடக்காது. பிடரித் தசை பின்மண்டையிலிருந்து நேரே தோளுக்கு இறங்குவதால் கையை வளைத்துப் பூட்டுப் போட இடமே இல்லை. பாதத்தின் பெருவிரலும் நம் கைக்கட்டைவிரல் போல மடங்கிப் பிடிக்கும். ஆக, நீங்கள் மல்லுக்கட்டுவது நான்கு கைகளோடு. கூடவே சுமார் 5 செ.மீ. நீளக் கோரைப்பற்கள்.

2007 மே 18 அன்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் விலங்குப் பூங்காவில் பொக்கிட்டோ என்ற 180 கிலோ ஆண் கொரில்லா அகழியைத் தாண்டி வெளியே வந்தது. ஒரு பெண்ணை இழுத்துச் சென்றது. அவருக்கு நூற்றுக்கு மேல் கடிகள், பல எலும்பு முறிவுகள். உயிர் பிழைத்தார். பிறகு அது பூங்காவின் உணவகத்துக்குள் நுழைந்தது, அங்கேதான் மயக்க ஊசி போட்டார்கள். வெறுங்கையோடு நின்ற பெரிய கூட்டத்துக்கு நடுவே ஒரு கொரில்லா வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடையாது. மக்கள் சிதறி ஓடினார்கள். அது இயல்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, யாருமே ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் அதன் உடம்பைத் தொடக்கூடியவர்கள் எட்டுப் பத்துப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு. மீதிப் பேர் பின்னாலிருந்து நெருக்கினால் சாவது முன்னால் நிற்கும் மனிதர்கள்தான். 2022இல் தென்கொரியாவின் சியோல் நகரில் இத்தேவோன் சந்தில் 158 பேர் இறந்தது நெரிசலால் மட்டுமே, யாரும் யாரையும் அடிக்கவில்லை. மார்பு விரிய இடமில்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். எல்லாரும் ஒரே குவியலாக மேலே விழுந்து அமுக்கினாலும் இதே கதிதான். அடியில் கிடக்கும் கொரில்லாவின் பெரிய நெஞ்சுக்கூடு தாங்கும், இடையில் சிக்கிய ஆளின் விலா தாங்காது.

அதனால் அணி பிரித்தே ஆக வேண்டும். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர், ஒரு கைக்கோ காலுக்கோ மூன்று பேர். ஆளுக்கு 70 கிலோ என்றால் ஒவ்வொன்றிலும் 210 கிலோ தொங்கும், மொத்தம் 840 கிலோ. முதலில் பின்பக்கமாகப் போய்க் கால்களைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டைப் பிடித்தவனை அது அப்படியே வாய்க்கு இழுத்துவிடும். முழங்கைக்கு மேலே பிடித்து, தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். காயம்பட்டவரை இழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவர் உடனே அதே இடத்தில் விழ வேண்டும். ஒரு கை விடுபட்டாலும் மற்ற மூன்றும் அடுத்தடுத்துப் போய்விடும்.

தாக்குப்பிடித்தால் நேரம் மனிதன் பக்கம். மலைக் கொரில்லா ஒரு நாளில் நடப்பது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நாளெல்லாம் இலை தழை தின்று செரிக்கிற பெருவயிறு அதற்கு. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணிக்கும் வசதியும் இல்லை. ஒரு திடீர்ப் பாய்ச்சலுக்கு அது அசுரன், நீண்ட இழுபறிக்குப் படைக்கப்பட்டதல்ல. எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது அணி கலையாமல் நிற்பதைப் பொறுத்தது.

நிஜத்தில் அணி கலையும் என்றே நம்புகிறேன். 1977 டிசம்பர் 31இல் ருவாண்டாவில் கொரில்லா ஆய்வாளர் டையன் ஃபாசி ஆராய்ந்து வந்த டிஜிட் என்ற ஆண் கொரில்லா, ஈட்டியோடும் நாய்களோடும் வந்த ஆறு வேட்டைக்காரர்களை எதிர்த்து நின்றது. ஐந்து ஈட்டிக் காயங்களோடு ஒரு நாயையும் கொன்று, தன் குடும்பம் தப்பிக்கும்வரை தடுத்து நின்று செத்தது. ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கே அந்த நிலை. ஆனால் 2020 ஜூனில் உகாண்டாவின் பிவிண்டி காட்டில் ரஃபீக்கி என்ற சில்வர்பேக்கைக் கொல்ல ஒரே ஈட்டிக் காயம் போதுமாக இருந்தது. கொன்றவருக்கு 11 ஆண்டு சிறை. நூறு வெறுங்கையர் உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டியதை ஒரு கூர்மையான இரும்பு முடித்துவிடுகிறது. இந்த விவாதத்தில் எனக்கு வலிக்கிற இடம் அதுதான். மலைக் கொரில்லாக்களின் கடைசிக் கணக்கெடுப்பில் மொத்தமே 1,063.

இன்னொன்று, கொரில்லா சண்டைக்கு அலைகிற விலங்கு அல்ல. முதலில் குரல் கொடுக்கும், செடியைப் பிடுங்கும், மார்பில் அறையும், பாய்ந்து வந்து பாதியில் நிற்கும். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். காட்டில் வழிகாட்டிகள் சொல்வதும் இதுதான்: ஓடாதே, குனிந்து உட்கார், கண்ணைப் பார்க்காதே. மைசூரு பூங்காவில் 2021இல் ஜெர்மனியிலிருந்து வந்த தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண் கொரில்லாக்கள் இருக்கின்றன. பார்க்கப் போனால் அவற்றின் முன்னால் நின்று மார்பில் தட்டிக் காட்டாதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். நமக்கு அது விளையாட்டு, அவற்றின் மொழியில் சவால்.