ஃபோர்குளோஷர்னா நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கே வீடு போச்சா?

வாட்ஸ்ஆப்ல சுத்துற மெசேஜ் இதான்: “ஃபோர்குளோஷர்னா முன்கூட்டியே மூடுறது, பேங்க் நோட்டீஸ் ஒட்டிட்டா வீடு அவங்களுக்குச் சொந்தம், மிச்சப் பணமும் வராது.” தப்புங்க.

கடன் கட்டாதப்ப அடமானம் வச்ச சொத்தை கடன் கொடுத்தவங்க எடுத்துக்குற நடவடிக்கைதான் ஃபோர்குளோஷர். இது பழைய பிரெஞ்சுல இருந்து வந்த வார்த்தை, ‘வெளிய நிறுத்தி அடைக்கிறது’ன்னு அர்த்தம், முன்கூட்டின்னு அதுல எதுவும் இல்ல. இங்கிலாந்துல கெடு தாண்டினாலும் கடனை அடைச்சு சொத்தை மீட்கலாம்னு சான்சரி கோர்ட் (நியாயம் பார்த்து தீர்ப்பு சொன்ன பழைய கோர்ட்) உரிமை கொடுத்துச்சு, அப்ப கடன் கொடுத்தவன் எவ்வளவு நாள்தான் காத்திருப்பான், அதனால கோர்ட்டே ஒரு தேதி வச்சு அதுக்கப்புறம் மீட்குற உரிமையை அடைச்சுது. அடைபட்டது அந்த உரிமைதான். (நம்மூர் பேங்க்ல லோனை சீக்கிரம் கட்டி முடிக்கிறதையும் இதே பேர்ல சொல்றாங்க, குழப்பம் அங்கதான்.)

இந்தியாவுல பத்திரத்தை வச்சு வாங்குற ஹோம் லோனுக்கு பொதுவா 2002 சர்ஃபேசி சட்டம்தான், அதாவது கட்டாத கடனுக்கு அடமானச் சொத்தை பேங்க் எடுத்து விக்க வழி பண்ற சட்டம். மொதல்ல பாக்கியைக் கட்டச் சொல்லி 60 நாள் நோட்டீஸ், அப்புறம்தான் பேங்க் வீட்டை சுவாதீனம் எடுக்கும், அதை எதிர்த்து 45 நாளுக்குள்ள கடன் மீட்பு தீர்ப்பாயம் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாகுற வரைக்கும் முழு பாக்கியும் செலவும் கட்டி வீட்டை மீட்கலாம். ஏலத்துல கடன், செலவு போக மிஞ்சுற பணம் உங்களுக்குத்தான் சேரணும், கேட்டு வாங்குங்க.