சுருங்கும் பருத்தி கலப்படமா?

‘துவைத்ததும் சுருங்கினால் அந்தத் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, சுத்தமான பருத்தி சுருங்காது’ என்று சிலர் சொல்கிறார்கள். மன்னிக்கவும், நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு.

தறியில் பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடுவது) விறைப்பாக இழுபட்ட நிலையிலேயே நெய்யப்படுகிறது. நனைந்ததும் அந்த இறுக்கம் தளர்கிறது. கூடவே பருத்தி இழை தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. பருத்துப்போன ஊடையை (குறுக்கே ஓடும் நூலை) சுற்றி வளைந்துபோகப் பாவுக்குக் கூடுதல் நீளம் தேவை. அது எங்கிருந்து வரும்? துணியின் நீளத்திலிருந்துதான். பாலியஸ்டர் இழை தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் கலப்புத் துணி பொதுவாகக் குறைவாகவே சுருங்கும்.

சோதிக்க ஆசையா? துவைக்காத பருத்தித் துணியில் நீளவாக்கில் 50 செ.மீ., அகலவாக்கில் 50 செ.மீ. அளந்து, முனைகளில் வண்ண நூலால் தையல் போடுங்கள். வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். பெரும்பாலும் பாவுத் திசையில்தான் அதிகம் குறைந்திருக்கும். அளக்கும்போது மட்டும் இழுத்துப் பிடிக்காதீர்கள், நான் முதல் தடவை அப்படித்தான் ஏமாந்தேன். அப்புறம், ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணியும் உண்டு. அப்படிச் சான்ஃபரைஸ்டு என்று போட்டிருந்தால் அதைச் சோதனைக்கு எடுக்காதீர்கள், பெரிதாக எதுவும் தெரியாது.