'பேராசைக்காரர்கள்' என்று தீர்ப்பு எழுதிய நல்லவர்களுக்கு

அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மியான்மர் எல்லையிலுள்ள மியாவாடியின் ஆன்லைன் மோசடி முகாம்களிலிருந்து மீண்டு வந்து, விமான நிலையத்தில் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் பையன்கள். அதைப் பகிர்ந்த பிரபலம் யார் என்றும் உங்களுக்குத் தெரியும். "பேராசை பெருநஷ்டம். இவனுங்களுக்கு எதுக்கு நம்ம வரிப்பணத்துல விமானம்?" என்ற பின்னூட்டத்துக்கு விழுந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்திருப்பீர்கள்.

நான் சண்டைக்கு வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் கடத்தப்பட்டவர்கள்.

"அவனாத்தானே டிக்கெட் எடுத்துப் போனான்?" என்பீர்கள். நாடுகடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிராக ஐ.நா. 2000-இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. அதனோடு இணைந்த ஆள்கடத்தல் நெறிமுறை இந்தக் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டது. சுரண்டுவதற்காக ஒருவரை ஏமாற்றி அழைத்துப் போயிருந்தால், அவர் சம்மதித்தார் என்பது செல்லாது. இந்தியா 2011-இல் இதை ஏற்றுக்கொண்டது. உங்கள் பின்னூட்டம் மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

என் சித்தி மகன் அங்கே இருந்தவன். டெலிகிராமில் வந்த விளம்பரம், பாங்காக்கில் டேட்டா என்ட்ரி. வீடியோ காலில் நேர்காணல் வைத்தார்கள், தட்டச்சு வேகம் பார்த்தார்கள், ஆங்கிலம் பேசச் சொன்னார்கள். எந்தக் கம்பெனிக்காரன் இதைவிட ஒழுங்காக ஆள் எடுக்கிறான்? இறங்கியதும் கார் வந்தது. தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட் வரை ஓடியது. இருட்டில் மோய் ஆற்றைக் கடந்த பிறகுதான் தாய்லாந்து முடிந்துவிட்டது என்றே அவனுக்குத் தெரிந்தது. பாஸ்போர்ட் போனது. பெண் பெயரில் போலிக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, வெளிநாட்டுக்காரர்களிடம் காதலாகப் பேசி முதலீடு செய்ய வைக்கச் சொன்னார்கள். டார்கெட் முடியாத நாளில் என்ன நடந்தது என்பதைச் சித்தியிடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை. என்னிடம் கொஞ்சம் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன்.

வந்தவனிடம் சொந்தபந்தம் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு கொண்டுவந்தே?" புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது சித்தப்பா, "ஊர் சிரிக்கும்டா, விட்டுடு" என்றார். போன மாதம்தான் அவரையும் கரைத்துச் சம்மதிக்க வைத்திருந்தோம். அந்தப் பின்னூட்டங்களைப் படித்துவிட்டுத் தம்பி, "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டான். அவனை அனுப்பிய ஏஜென்ட் புரொஃபைல் படத்தை மாற்றிக்கொண்டு இன்றைக்கும் விளம்பரம் போடுகிறான். அவனுக்கு நீங்கள் கொடுத்த பாதுகாப்பை எந்த வக்கீலாலும் கொடுக்க முடியாது.

"அப்போ இவனுங்ககிட்ட ஏமாந்த பெரியவங்க?" நியாயமான கேள்வி. வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களின் வயிற்றெரிச்சல் எனக்கும் புரியும். ஆனால் அந்தப் பணம் இந்தப் பையன் பைக்கா போனது? வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகள் வழியாக, கிரிப்டோவாக மாறி மேலே போனது. மேலே என்றால் எவ்வளவு மேலே? 2025 அக்டோபரில், இதே மாதிரி மோசடி முகாம்களை நடத்தியதாகக் கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் சென் ஜி மீது அமெரிக்கா குற்றச்சாட்டுப் பதிந்தபோது, அந்த வழக்கில் 1,27,271 பிட்காயின்களைப் பறிமுதல் செய்யக் கோரியது. அன்றைய மதிப்பில் சுமார் 1,500 கோடி டாலர். குழுமம் மறுத்தது. நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் அந்தச் செய்திக்குக் கீழே 'பேராசை' என்று எழுதிய ஒரு தமிழரைக்கூட நான் பார்க்கவில்லை.

வங்கிகளையும் பார்ப்போமா? மெக்சிகோ, கொலம்பியா போதைக் கும்பல்களின் குறைந்தது 88 கோடி டாலர் தன் வழியாக வெள்ளையாகப் போனதை எச்.எஸ்.பி.சி. தடுக்கவில்லை. 2012-இல் சுமார் 190 கோடி டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. அதற்காக ஓர் அதிகாரிகூட சிறைக்குப் போகவில்லை. கோட்டு சூட்டு போட்டவன் செய்தால் 'விதிமுறைக் குறைபாடு'. வேலை தேடிப் போனவன் சிக்கினால் பேராசை. நல்லா இருக்குங்க உங்க அகராதி.

இத்தாலிக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். மாஃபியாவின் சொத்தில் கைவைக்கும் சட்டம் அங்கே 1982-இல் வந்தது. அதற்காகப் போராடிய அரசியல்வாதி பியோ லா தொர்ரே அதைப் பார்க்க உயிரோடு இல்லை; சில மாதங்களுக்கு முன்பே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நீதிபதி ஃபால்கோனே துப்பாக்கி பிடித்தவனைவிட வங்கிக் காகிதங்களைத்தான் அதிகம் துரத்தினார். 1992-இல் அவரையும் வெடிவைத்துக் கொன்றார்கள். ஐ.நா. ஒப்பந்தம் அவருடைய பலெர்மோ நகரில் கையெழுத்தானது சும்மா இல்லை. ஆனால் உலகம் முழுக்க ஓடும் குற்றப் பணத்தில் பறிமுதலாவது ஒரு சதவீதத்துக்கும் கீழே என்பது ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமே சொன்ன மதிப்பீடு. மிச்சப் பணம் அடுத்த முகாமைக் கட்டுகிறது.

"அரசாங்கத்தால என்ன செய்ய முடியும், அது வேற நாடு." அப்படியா? 2022-லிருந்தே நம் பையன்கள் வீடியோ போட்டுக் கதறினார்கள். 2025 ஜனவரியில் வாங் சிங் என்ற சீன நடிகர் அதே வழியில் கடத்தப்பட்டார். சில நாட்களில் மீட்டுவிட்டார்கள். சீனச் சுற்றுலாப் பயணிகள் தாய்லாந்துப் பயணத்தை ரத்து செய்ய ஆரம்பித்ததும், பிப்ரவரி 5-ஆம் தேதி தாய்லாந்து எல்லைக்கு அப்பால் போகும் மின்சாரத்தை நிறுத்தியது. அடுத்த வாரங்களில் ஏழாயிரம் பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். அத்தனை காலம் அந்த முகாம்களுக்கு விளக்கு எரிந்தது எல்லை தாண்டிப் போன கரண்டில். உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இதுவா, முகத்தை மூடி நின்ற பையனா? கரண்டை நிறுத்தியதும் ஜெனரேட்டரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையமும் வந்துவிட்டன என்பது வேறு விஷயம். பணம் கையில் இருக்கும்வரை எதையும் வாங்குவார்கள்.

"படிச்சவன் யோசிக்க வேணாமா?" ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்தவனைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். படிக்காதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

"எல்லாரும் அப்பாவியா?" இல்லை. தெரிந்தே போனவன் இருப்பான், சூப்பர்வைசர் ஆனவன் இருப்பான், ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கொடுத்தவனும் இருப்பான். விசாரிக்கட்டும், பிடிக்கட்டும். முகம் மூடிய ஒரு கூட்டத்தைப் படத்தில் பார்த்தே யார் எந்த வகை என்று பிரித்தீர்களே, அந்த வித்தையைப் போலீசுக்கும் கற்றுக்கொடுங்கள்.

விவாதிக்க வருபவர்கள் வாருங்கள், பதில் சொல்கிறேன். 'உழைச்சுச் சாப்பிடணும்' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். ராத்திரி பகலாக உழைக்க வைத்துத்தான் அவனை அடித்தார்கள்.